நாற்பதாம் போஸ்ட்

எண்ணூறு மீட்டரில் சிக்னல் அறுந்தது. நேற்றும் அங்கேதான். முந்தாநாளும் அங்கேதான். பதினாறாம் போஸ்ட். போஸ்ட்டுக்குப் போஸ்ட் ஐம்பது மீட்டர். சங்கிலி பிடித்து அளந்து குழி வெட்டி ஊன்றியவன் நான், தப்பாது. கண்மாய்க் கரை நெடுக நாற்பது இரும்புப் போஸ்ட் நிற்கிறது. டெலிபோன் கம்பியை யாரோ என்றைக்கோ அறுத்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். போஸ்ட்டை அசைக்க முடியவில்லை. முடியாது. முதல் போஸ்ட்டுக்கு ஐம்பது மீட்டர் இந்தப் பக்கம், மடையடியில் நான். கழுத்தில் வார், வாரில் கன்ட்ரோல் பெட்டி, பெட்டியின் முதுகில் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த தூர அலைக் கருவி, அதன் தலையில் விரல் நீள ஏரியல். எதிரே முக்காலியில் கை அகலத் திரை. அங்கே பதினாறாம் போஸ்ட்டடியில் என் வீட்டுக்காரி. ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருக்கிறாள். பின் சீட்டில் குறுக்கே என் விமானம், நாலரை அடி இறக்கை, மஞ்சள் நுரைப் பலகையில் அறுத்து ஒட்டியது. உள்ளே பாதித் தீப்பெட்டி அளவில் ரிசீவர். நான் இங்கே குச்சியைத் தள்ளினால் அங்கே வால் திரும்ப வேண்டும். பதினைந்தாம் போஸ்ட் வரை திரும்பியது. பதினாறில் இல்லை. பெட்டிக்குள் இருக்கிற பெண்குரல் ‘டெலிமெட்ரி லாஸ்ட்’ என்கிறது. விமானத்திடமிருந்து பதில் இல்லை, கூப்பிட்டால் எடுக்கவில்லை என்று அர்த்தம். சட்டைப் பையில் இருக்கிற போனில் இன்னொரு பெண்குரல். “வால் தானா இடது பக்கம் திரும்பி நின்னுருச்சு.” தெரியும் என்றேன். “தெரியும்னா என்னைய எதுக்கு இங்க நிறுத்தி வச்சிருக்கீங்க?” விடிந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் இரண்டு பேர். இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான். லைன் இல்லை.

வால் இடது பக்கம் திரும்பி நிற்பது நான் சொல்லிக்கொடுத்தது. சிக்னல் போனால் மோட்டாரை அணை, வாலை இடது பக்கம் திருப்பு, சுற்றிச் சுற்றி அந்த இடத்திலேயே இறங்கு. போன விமானத்துக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது சிக்னல் போன நிமிஷத்தில் என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே செய்தது. நேராகப் போனது. முழு வேகத்தில் போனது. நான் குச்சியை ஒடியப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறேன், அது என்னை யாரென்றே தெரியாத மாதிரி போகிறது. முதலில் கொக்கு அளவு, அப்புறம் தட்டான் அளவு, அப்புறம் கண்ணில் விழுந்த தூசி. கண்ணைக் கசக்கினேன். தூசி மட்டும் மிச்சம். நாலு மாசம் கழித்து டவுன் பஸ்ஸில் போகிறபோது பார்த்தேன், ஒரு எள்ளுக்காட்டில் கம்பு நட்டு அதன்மேல் கட்டியிருந்தார்கள். காற்றுக்கு மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தது. காட்டில் ஒரு குருவி இல்லை. இறங்கிக் கேட்கலாமா என்று எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் இருந்தபோது செய்யாத வேலையை அங்கே ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. இருக்கட்டும். இது இரண்டாவது. இது போனால் மூன்றாவது கிடையாது, எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. பதினாறாம் போஸ்ட். அங்கே என்னதான் இருக்கிறது. ஒரு கருவேல மரம்கூட இல்லை. பேட்டரி புதுசு. அலையின் பலத்தை ஒரு படி ஏற்றியாயிற்று. பெட்டி ஏரியலை மாற்றியாயிற்று. செல்போன் கோபுரம் ஊருக்கு அந்தப் பக்கம். விமானத்தின் மூக்கில் இருக்கிற பொத்தான் கேமரா தன் படத்தைத் தனி அலையில் அனுப்புகிறது, அது பளிச்சென்று வருகிறது, திரையில் கரையும் வானமும் அவள் முந்தானை ஓரமும் தெரிகிறது. அங்கிருந்து இங்கே வருகிறது, இங்கிருந்து அங்கே போகவில்லை. நேற்று சட்டைப் பையில் இருக்கிற போன்மேல் சந்தேகம் வந்தது. அதன் அலை இதைக் கெடுக்கிறதோ என்று அணைத்துவிட்டேன். அணைத்த பிறகு வால் ஆடுகிறதா என்று யாரிடம் கேட்பது. பத்து நிமிஷம் நான் கையை ஆட்ட, அவள் கையை ஆட்ட, கண்மாய்க்குள் மேய்ந்த ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. கடைசியில் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வந்து கேட்டாள், போனை அணைச்சுட்டு யாருகிட்டப் பேசிக்கிட்டு இருந்தீங்க என்று. ஆராய்ச்சி என்றால் நாலையும் பார்க்கத்தான் வேண்டும்.

எழுதிக் கையெழுத்துப் போட்டது என் ஃபால்ட் புக்கில். டெலிபோன் இலாகாவில் முப்பத்தெட்டு வருஷம், லைன்மேனாக நுழைந்து டெக்னீஷியனாக வெளியே வந்தேன். அங்கே ஒவ்வொரு பழுதுக்கும் மூன்று கட்டம் உண்டு. குறை. காரணம். சரிசெய்தவர். மூன்றாவது கட்டம் நிரம்பாமல் பக்கத்தைத் திருப்பக்கூடாது. வீட்டிலும் ஒரு நோட்டில் அப்படியே கோடு போட்டு வைத்திருக்கிறேன், விமானத்துக்கென்று. அதில்தான் எழுதினேன். கண்மாய் நிறைவதற்குள் இந்த விமானம் நாற்பதாம் போஸ்ட் வரை போய்த் திரும்பி வராவிட்டால், மாடி அறையைக் காலிசெய்து கொடுத்துவிடுகிறேன், இப்படிக்கு, கா. தங்கமாரியப்பன். எழுத வைத்தவள் அவள். மாடி அறை அவளுக்குக் கேரம் போர்டு போட வேண்டும். அவளும் அந்தக் காலத்தில் வெளியூர்க் கால் போட்டுக்கொடுத்த ட்ரங்க் ஆபரேட்டர்கள் இன்னும் மூன்று பேரும் வாரம் மூன்று நாள் ஆடுகிறார்கள். இப்போது கூடத்தில் முக்காலியைப் போட்டு அதன்மேல் வைத்து ஆடுகிறார்கள், சாப்பாட்டு நேரத்தில் தூக்கிச் சுவரில் சாய்க்க வேண்டியிருக்கிறது, ஒரு நாள் சிவப்புக் காய் சாம்பாரில் கிடந்தது. நான் கரண்டியால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். அந்த மூவரில் கமருன்னிஷா, எழுபது வயசில் வெட்டுக்கு வெட்டு மூலைக் குழியில் போடுகிற பொம்பளை, போன வாரம் மாடிக்கே ஏறி வந்து அறையை நாலு பக்கமும் பார்த்துவிட்டு, காத்து நல்லா வருது சார், எப்ப சாமானையெல்லாம் இறக்கப் போறீங்க என்று கேட்டுவிட்டுப் போனார். சனிக்கிழமைக்குப் போர்டை மேலே ஏற்றுவதாக ஏற்பாடு. இன்றைக்குப் புதன். நாளையிலிருந்து மழை என்று ரேடியோவில் சொல்கிறான். கரிசல் மண் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, இரண்டு மழை போதும், கண்மாய்க்குள் தண்ணீர் நின்றுவிடும், பிறகு விமானத்தை இறக்கச் சித்திரை வரை இடம் கிடையாது. ஆக இன்றைக்கு இல்லையென்றால் இல்லை. பிசின், ரம்பம், சோல்டரிங் ராடு, மோட்டார் இரண்டு, பாதி வெட்டிய இறக்கை ஒன்று, எல்லாம் கீழே இறங்கும். எங்கே இறங்கும். கட்டிலுக்கு அடியில். கட்டிலுக்கு அடியில் போன எதுவும் என் வீட்டில் திரும்பி வெளியே வந்ததில்லை.

“என்ன, அங்கேயே தூங்கிட்டீங்களா?” என்கிறாள் சட்டைப் பைக்குள்ளிருந்து. இரு என்றேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அவள் பேசியே சம்பளம் வாங்கியவள். எங்கள் எக்ஸ்சேஞ்சில் பதினேழாம் நம்பர் ஆபரேட்டர். நான் போஸ்ட் உச்சியில் தொங்கிக்கொண்டு டெஸ்ட் போனை மாட்டினால் அந்தப் பக்கம் ‘பதினேழு’ என்று குரல் வரும். முதலில் குரல்தான் தெரியும். ஆள் எப்படி இருப்பாள் என்று தெரியாமல் ஏழு மாதம். கல்யாணப் பத்திரிகையில் பேரைப் பார்த்தேன். அதோடு சரி. இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பதினேழுதான். பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தாய் பேர் கேட்டார்கள், வாய் தவறிப் பதினேழு என்றேன், நர்ஸம்மா அது வார்டு நம்பரா என்று கேட்டது. “பதினேழு,” என்றேன் இப்போதும், “பின்னால பதினஞ்சுக்கு வா.” வந்தாள். ஸ்கூட்டி உறுமுகிறது, திரையில் கரை ஆடுகிறது. பதினைந்தில் நின்றாள். ‘டெலிமெட்ரி ரிகவர்ட்’ என்கிறது பெட்டி. இடது என்றேன். “ஆடுது.” வலது. “ஆடுது.” பதினாறுக்குப் போ. போனாள். ‘டெலிமெட்ரி லாஸ்ட்.’ பதினைந்தில் உண்டு, பதினாறில் இல்லை. கோடு கிழித்த மாதிரி. கோபமாக வருகிறது. யார்மேல் என்று தெரியாமல் வருகிற கோபம்தான் பெரிய தொந்தரவு. முன்பெல்லாம் கோபம் வந்தால் போஸ்ட்டில் ஏறிவிடுவேன், மேலே போய்விட்டால் கோபம் கீழேயே நின்றுகொள்ளும். இப்போது ஏற முடியாது. கால்மூட்டு விடாது. இடது கண்ணில் லென்ஸ் வைத்தாயிற்று, வலது கண்ணுக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் இந்த விமானமே. நான் ஏற முடியாத இடத்துக்கு அது ஏறும். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கமருன்னிஷா வரைக்கும் போய்விடும்.

பெட்டி பக்கம் பார்த்தாயிற்று. ரிசீவர் பக்கம்? அந்தப் பக்கம் சந்தேகமே கிடையாது. அது என் கையால் கட்டியது. ரிசீவரிலிருந்து இரண்டு ஏரியல் கம்பி வருகிறது, தலைமயிரைவிடக் கொஞ்சம் தடிப்பு, ஒரு சாண் நீளம். பார்சலில் வந்தபோது இரண்டும் ஆளுக்கொரு திசையில் விறைத்துக்கொண்டு நின்றன. பார்க்கவே அலங்கோலம். ஒரு கம்பியைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. எக்ஸ்சேஞ்சில் பத்தாயிரம் ஜோடிக் கம்பி. ஒவ்வொரு ஜோடியும் ஒன்றோடொன்று முறுக்கித்தான் இருக்க வேண்டும், முறுக்கினால்தான் அடுத்தவன் பேச்சு இதற்குள் நுழையாது. முறுக்கி, மெழுகு நூல் போட்டு, அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, முடிச்செல்லாம் ஒரே வரிசையில். நான் கட்டிய கட்டுகளைப் பார்க்க மதுரையிலிருந்து எஞ்சினீயர் வந்திருக்கிறார். அதேபோல் இதையும் முறுக்கி, மெழுகு நூலால் கட்டி, விமானத்தின் வயிற்றோடு படுக்க வைத்து மூடியிருக்கிறேன். ஒரு துளி ஆட்டம் இல்லை. பூட்டின மாதிரி. கூட ஒரு தாள் வந்தது, படம் போட்டு, நாலு பாஷையில். நான் பார்க்கவில்லை. கம்பி கட்ட எனக்குத் தாள் எதற்கு. அதை அவள் எடுத்துக்கொண்டு போய் ஸ்கூட்டி டிக்கியில் திருப்புளி எல்லாம் சுற்றி வைத்திருக்கிறாள். வடை மடித்த காகிதத்தைக்கூட இரண்டு பக்கமும் படிக்காமல் எறிய மாட்டாள். படிக்கட்டும். ஆக ரிசீவர் பக்கம் குறை இல்லை, பெட்டி பக்கம் குறை இல்லை, நடுவில் காற்றுதான். காற்றில் என்ன குறை. இந்தப் போஸ்ட்டுகளா? இரும்பு. நான் ஊன்றிய போஸ்ட்டே எனக்கு எதிராக நிற்கிறதா. இருக்காது. அப்படியென்றால் இரண்டாம் போஸ்ட்டிலேயே அறுந்திருக்க வேண்டும். பதினாறு வரை பொறுத்திருந்து அப்புறம் எதிர்ப்பதற்கு அது என்ன சம்பந்தியா.

“பதினேழு,” என்றேன், “விமானத்தைத் தூக்கித் தலைக்கு மேல பிடி.” பதில் இல்லை. “பதினேழு.” இல்லை. போனை வெளியே எடுத்துப் பார்த்தேன். லைன் துண்டிக்கவில்லை, நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. காற்றுச் சத்தம் கேட்கிறது. ஒரு மைனா. அவள் இல்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். பதினாறாம் போஸ்ட்டடியில் ஸ்கூட்டி ஒரு புள்ளி, பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு புள்ளியைக் காணவில்லை. திரையைப் பார்த்தேன். வானம் சாய்ந்தது. கரை தலைகீழாக வந்தது. பிறகு மண். வெடித்த மண், மிக அருகில், ஓர் எறும்பு. படம் அசையவில்லை. படத்தின் ஓரத்தில் ஒரு செருப்பு. அவள் செருப்புதான், குதிகாலில் தேய்ந்தது, இடது கால். செருப்பு மட்டும். கால் இல்லை. கூப்பிட்டேன். சத்தமாகக் கூப்பிட்டேன். கரையிலிருந்து சரிந்திருப்பாளா. ஒரு பக்கம் சரிவு, பத்தடி, கீழே கல்லுக் குவியல். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டாளே, சாப்பிட்டாளா. இல்லை. வெயில் ஏறுமுன் முடிக்கணும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். இட்லியைத் தூக்கில் போட்டு வண்டியில் மாட்டினாள், அங்க போய்ச் சாப்பிட்டுக்கிறேன் என்றாள். மூன்று நாளாக ஒரு கிழவியை விடியக்காலையில் கண்மாய்க் கரையில் வெறும் வயிற்றோடு போஸ்ட் போஸ்ட்டாக நிறுத்துகிறேன், என்ன மனுஷன் நான். எண்ணூறு மீட்டர். நடந்தால் எனக்கு இருபது நிமிஷம். இருபது நிமிஷத்தில் என்னவெல்லாம் ஆகும். நடக்க ஆரம்பித்தேன். பெட்டி வயிற்றில் இடிக்கிறது, ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கையில் போன், பதினேழு, பதினேழு. இந்தக் கரையில் ஓடியிருக்கிறேன், தோளில் கம்பிச் சுருளோடு. இப்போது முதல் போஸ்ட் வரவே மாட்டேன் என்கிறது. கொக்கு, தட்டான், தூசி. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், எடுக்கவில்லை. அவள் எடுக்காத போன் என்று இதுவரை ஒன்று கிடையாது. பதினெட்டு வருஷம் நைட் டியூட்டியில் ஒரு மணிக்குக் கூப்பிட்டாலும் இரண்டாவது மணியில் எடுப்பாள். இருமினேன். முதல் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரும்பு சில்லென்று இருந்தது. பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்து ஏரியல் படுத்துக் கிடந்தது. நிமிர்த்தினேன். அப்போது, ‘டெலிமெட்ரி ரிகவர்ட்.’

பெட்டியைப் பார்த்தேன். சிக்னல் தொண்ணூற்றெட்டு. இதுவரை அந்தப் போஸ்ட்டில் நாற்பதுக்கு மேல் பார்த்ததில்லை. தொண்ணூற்றெட்டு. ஆடவில்லை. ஓடி வந்த தூரத்தைத் திரும்ப நடந்து திரையருகே போனேன், நடந்தேனா ஓடினேனா தெரியாது. திரை முழுக்க ஒரு முகம். அவள்தான். மூக்குத்தி, மூக்குக்கண்ணாடி, வாயில் பல்லுக்கிடையில் ஒரு கொண்டை ஊசி. குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள், கை இரண்டும் என்னமோ செய்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. கொண்டை அவிழ்ந்துவிட்டது, முடித்துக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன், அவள் அங்கே கரையில் உட்கார்ந்து தலை முடிக்கிறாள், என் கேமராவைக் கண்ணாடி மாதிரி வைத்துக்கொண்டு. வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வந்த சந்தோஷத்துக்கும். “போனை எங்க வச்ச?” என்றேன். “சீட்டு மேல. ரெண்டு கையும் வேலையா இருந்துச்சு. எதுக்கு மூச்சு வாங்குது உங்களுக்கு?” ஒன்றுமில்லை என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். இரண்டு இட்லி சாப்பிட்டாளாம். நல்லது. “ஏரியலைக் கொஞ்சம் நிமிர்த்தினேன்,” என்றேன், “லைன் வந்துருச்சு. கோணம்தான். நான் நினைச்சேன்.” அப்படியா என்றாள்.

பிறகு நடந்ததை மெதுவாக நினைக்க வேண்டும், இருக்கிற சந்தோஷத்தை ஒரே வாயில் விழுங்கக்கூடாது. பதினேழாம் போஸ்ட். தொண்ணூற்றெட்டு. இருபது. தொண்ணூற்றேழு. ஆடுதா? “ஆடுது.” இருபத்தைந்து, அங்கேதான் ஊன்றும்போது பாறை குறுக்கிட்டு ஒன்றரை நாள் வெட்டினோம். முப்பது. ஆள் தெரியவில்லை, வண்டி தெரியவில்லை, கரை வளைந்து கானலுக்குள் போகிறது, குரல் மட்டும் வருகிறது. இடது. ஆடுது. வலது. ஆடுது. ஏழு மாதம் அப்படித்தான் இருந்தது, போஸ்ட் உச்சியில் நான், குரல் மட்டும் அவள். முப்பத்தைந்து. தொண்ணூற்றாறு. என் கோணம் அப்படி. ஏரியலைத் தொடவே பயமாக இருந்தது, கழுத்தைக்கூடத் திருப்பாமல் நிற்கிறேன், ஈ உட்கார்ந்தது, உட்காரட்டும். நாற்பது. “நாப்பது வந்துருச்சுங்க. இதுக்கு மேல போஸ்ட் இல்ல.” இடது. “ஆடுது.” வலது. “நல்லா ஆடுது.” போதும், திரும்பி வா. இரண்டு கிலோமீட்டர். தரையிலேயே இவ்வளவு என்றால் மேலே எழும்பினால் இன்னும் வரும். ப்ரொப்பல்லரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் துடைத்தேன். சோதனையில் அதைக் கழற்றி வைத்திருந்தேன், அவள் விரல் பத்திரமாக இருக்க வேண்டும், கேரம் ஆடுகிற விரல். மாடி அறை பிழைத்தது. கமருன்னிஷா கூடத்திலேயே ஆடட்டும். சாம்பாரில் காய் விழுந்தால் எடுத்துத் தருகிறேன்.

வந்தாள். ஸ்டாண்டு போட்டாள். தலையைப் பார்த்தேன். கொண்டை காலையில் போட்ட மாதிரியே, ஒரு பக்கம் மட்டும் ஊசி இல்லாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. தலை முடித்தவள் தலை அப்படி இருக்காது. விமானத்தைப் பார்த்தேன். வயிற்று மூடி திறந்திருந்தது. என் மெழுகு நூல், அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, மொத்தமும் அவிழ்த்துச் சுருட்டி இட்லித் தூக்கின் மூடியில் கிடந்தது. இரண்டு ஏரியல் கம்பியும் முறுக்குப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம். ஒன்று வாலோடு நட்டுக்குத்தலாக மேலே போகிறது, மற்றது இறக்கையோடு படுத்துப் போகிறது. அசையாமல் இருக்க ஆளுக்கு ஒரு ஒட்டுப்பொட்டு, மெரூன் கலர். அந்தத் தாளை நீட்டினாள். பக்கத்துக்கு ஒரு படம். இரண்டு கம்பியும் விலகி நிற்கிற படத்துக்குச் சரி போட்டிருந்தது. சேர்த்து முறுக்கிய படத்துக்குப் பெரிதாகப் பெருக்கல் குறி. முறுக்கியிருந்த விதம் கிட்டத்தட்ட என்னுடையதுதான், முடிச்சு மட்டும் இல்லை. எவனோ சீனாவில் உட்கார்ந்து என்னைப் பார்த்து வரைந்திருக்கிறான். பேசுகிற கம்பியைத்தான் முறுக்க வேண்டும். கேட்கிற கம்பியை விரித்துவிட வேண்டும். ஒருவன் காதை இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டு எட்ட நின்று கத்தியிருக்கிறேன், மூன்று நாளாக. உட்கார்ந்தேன். அவள் நிற்கிறாள், சிரிக்கவில்லை, சிரிப்பை எங்கேயோ வைத்திருக்கிறாள்.

“எப்பப் படிச்ச?”

“முந்தாநாளே.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா மாடி ரூம் போயிருமே.” ஸ்கூட்டிச் சாவியை விரலில் சுற்றினாள். “சனிக்கிழமைக்கு மூணு பேருகிட்டயும் சொல்லி வச்சாச்சு. வாய மூடிக்கிட்டு நின்னா ரூம் எனக்கு. மூணு நாளும் நின்னேன்ல.”

“பெறகு எதுக்கு அவுத்த?”

“வால் அப்படியே நின்னுருச்சு. நீங்க அந்தக் கோடியில நின்னு லைன் லைன்னு தட்டுறீங்க. கெடைக்கலைன்னா எனக்குச் சும்மா இருக்க வராதுங்க. அது பழகின கை.” சாவியை இடுப்பில் செருகியபடி, “கோணமாமே, கோணம்,” என்றாள்.

ப்ரொப்பல்லரை மாட்டினேன். நான் திருகை இறுக்க, அவள் விமானத்தைப் பிடித்துக்கொண்டாள். எறி என்றேன். எறிந்தாள், இரண்டு அடி ஓடி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கேரம் வெட்டுகிற அதே குறியோடு. எழும்பியது. முதல் போஸ்ட், ஐந்து, பத்து. பதினாறில் மூச்சை நிறுத்தினேன். பதினாறு பின்னால் போய்விட்டது. திரையில் என் போஸ்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன, உச்சியிலிருந்து அவற்றை நான் பார்த்து இருபத்திரண்டு வருஷம். கண்மாய் கீழே விரல்விட்டுப் பிரித்த மாதிரி வெடித்துக் கிடந்தது. நாற்பதைச் சுற்றித் திருப்பினேன். திரும்பியது. சொன்னதும் திரும்பியது. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டு, இதோ இங்கதான் இட்லி சாப்பிட்டேன், அந்த இடம், அந்த இடம் என்கிறாள். கண்மாய்க்குள் கரிசல் புழுதி கிளப்பி இறங்கியது. ஆடுகள் தலையைத் தூக்கவில்லை. அவற்றுக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

ஃபால்ட் புக்கை முக்காலியில் விரித்தேன். அவள் எட்டிப் பார்க்கிறாள். எதற்குப் பார்க்கிறாள் என்று தெரியும். எண்பத்திரண்டில் கோவில்பட்டி ட்ரங்க் லைன் தினமும் அறுந்தது. நான் பன்னிரண்டு நாள் போஸ்ட் போஸ்ட்டாக ஏறினேன், ஒன்றும் இல்லை. அவள் எக்ஸ்சேஞ்ச் போர்டில் உட்கார்ந்தபடியே மணியைக் குறித்து வைத்திருந்தாள். நாலு பத்துக்கு அறுகிறது, ஞாயிற்றுக்கிழமை அறுவதில்லை, பள்ளிக்கூடம் விடுகிற நேரம், போய்ப் பாருங்கள் என்றாள். போனேன். போஸ்ட்டை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியில் ஏழெட்டுப் பையன்கள் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தார்கள், மேலே கம்பியும் கம்பியும் முட்டிக்கொண்டிருந்தது. சரிசெய்தவர் கட்டத்தில் 17 என்று எழுதினேன். ஆபீசர் அதைக் கோடு போட்டு அடித்தார். நம்பரெல்லாம் ஆள் இல்லைய்யா, பேரை எழுது என்றார். அப்போதுதான் பூ வைத்து நாலு நாள் ஆகியிருந்தது. அவள் பேரை எழுதினால் ஆபீஸ் பூராவும் சிரிக்கும். என் பேரை எழுதிவிட்டேன். அதற்கு ஒரு பாராட்டுக் காகிதம்கூட வந்தது. அவள் அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள், “இந்தத் தடவை என்ன எழுதப் போறீங்க?”

மேசையை ஜன்னல் பக்கமாகத் தள்ளினால் மாடியில் கேரம் போர்டு நிற்கும். அளந்து பார்க்கவில்லை. நிற்கும். நாலு கிழவிகளின் சத்தத்துக்கு நடுவில் பிசின் காய வேண்டும், காயட்டும். சனிக்கிழமை கமருன்னிஷாவிடம் நானே சொல்கிறேன். பேனாவைத் திறந்தேன். குறை: எண்ணூறு மீட்டரில் சிக்னல் அறுந்தது. காரணம்: பழக்கம். மூன்றாவது கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது, கை அந்தப் பேரை எழுதியதே இல்லை, பத்திரிகையில் பார்த்ததோடு சரி. பெரிய எழுத்தாக, கட்டத்தை விட்டு வெளியே போகிற அளவுக்கு எழுதினேன். சரிசெய்தவர்: ராஜகனி.